வந்தவர்கள் சேர்ந்து கட்டிய சபை

ஊரையும் வயலையும் விட்டு வந்த குடும்பத்துக்கு முதற் கவலை கூரை. கூரை கிடைத்த பின் வேறு கவலைகள் வருகின்றன. இனி யாரோடு சேர்ந்து செபிப்பது? எங்கள் வீட்டு நன்மை தீமைக்கு யார் வருவார்? வேறு மொழி பேசுவோர் நடுவில் எமக்கும் ஓர் இடம் உண்டா? இதே கேள்விகளோடு வந்தவர்கள் பல தலைமுறைகளாகச் சேர்ந்து உருவாக்கிய சபை ஒன்று கொழும்பில் உண்டு. அது கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம்.

மறைந்து வாழ்ந்த காலம்

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, சிதறிக் கிடந்த மக்களைத் தேடிச் சென்றார். (2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.) அவருக்குப் பின் வந்த குருக்களும் இரவு நேரங்களில் வீடுகளிலே இரகசியமாகத் திருப்பலி ஒப்புக் கொடுத்தனர்.

கொச்சிக்கடையின் கதையும் இக்காலத்தைச் சேர்ந்ததே. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு, வியாபாரி வேடத்தில் கொழும்பில் வாழ்ந்தார். கடலரிப்பால் தம் கரையை இழந்து கொண்டிருந்த மீனவர்கள் அவரிடம் சென்று வேண்டினர். அவர் கரையில் சிலுவையை நாட்டிச் செபிக்க, கடல் பின்வாங்கி மணல்திட்டு தோன்றியது. அவ்விடத்தில் மண்ணால் ஒரு சிறு கோவில் எழுந்தது. பரம்பரையாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு இது. பிற்பாடு எழுந்த பெரிய ஆலயம் 1834இல் அபிஷேகம் செய்யப்பட்டது.

ஒளிந்து வாழ்ந்த அந்நியர் ஒருவரும், நிலத்தை இழக்கும் தறுவாயில் இருந்த ஏழைகளும் சேர்ந்தே இச்சபையைத் தொடங்கினர் என்பதை நாம் மறக்கலாகாது.

பல கரைகளிலிருந்து

கொட்டாஞ்சேனைப் பகுதிக்கு மக்கள் ஒரே காலத்தில் வந்து சேரவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்கு வந்த கொழும்புச் செட்டிகளும் பரதவரும் முந்தியவர்கள். 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துறைமுகம் பெருகியபோது சுமை தூக்கும் தொழிலாளர் ஏராளமாக வந்தனர். சிங்களவர், தமிழர், பறங்கியர், மலையாளிகள் எனப் பல இனத்தவரும் அயலவராயினர். 1983க்குப் பின்னர் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அறைகளிலும் லொட்ஜ்களிலும் தங்கினர். காணி உறுதியைத் துணிப்பையில் சுற்றி வைத்திருந்த விவசாயிகளும் இவர்களுள் இருந்தனர்.

இத்தனை பேரும் ஒரே ஆலயத்தில் எப்படிச் சேர்கிறார்கள்? விடை எளியது. வழிபாடு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகிறது. செவ்வாய்க்கிழமைகளில் வருவோரை எந்தச் சமயம் என்று எவரும் கேட்பதில்லை. இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு அதே வரிசையில் நிற்கிறார்கள். யூன் 13ஆம் திகதித் திருவிழா எல்லோருக்கும் பொதுவானது. மற்றவருடைய மொழி தெரியாவிட்டாலும் மற்றவருக்குரிய நேரத்தை மதிக்கத் தெரிந்திருந்தால் சேர்ந்து வாழலாம்.

காயங்களும் உண்டு

இப்பகுதி எப்போதும் அமைதியாக இருந்தது என்று சொல்வது பொய்யாகும். 1883 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்தர்களின் பெரஹரா ஒன்று கத்தோலிக்கரால் தாக்கப்பட்டது. உயிரும் போனது. ஒரு காலத்தில் ஒளிந்து வழிபட்டவர்களின் பிள்ளைகளே மற்றவரின் வழிபாட்டைத் தடுக்கத் துணிந்தார்கள்.

2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுச் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தும்படி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடை ஆலயத்தினுள் தற்கொலைக் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் ஹோட்டல்களிலும் அன்று குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடை ஆலயம் திருத்தப்பட்டு யூன் மாதத்தில், திருவிழாவுக்கு முன்பே, மீண்டும் திறக்கப்பட்டது.

ஆனால் அந்த நாட்களில் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் பலர் துரத்தப்பட்டனர். பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த கிறிஸ்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அகதியின் துன்பம் தெரிந்த நாட்டிலேயே இது நடந்தது.

மெனோனைட் விவசாயிகள்

இச்சந்தர்ப்பத்தில் வேறு தேசத்து விவசாயிகள் சிலரையும் நினைவுகூர்வோம். மெனோனைட் சபையார் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியவர்கள். மெனோ சைமன்ஸ் என்ற முன்னாள் குருவின் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். ஆயுதம் ஏந்த மறுத்ததாலும், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்ததாலும் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் அவர்களை வருத்தினர். ஒல்லாந்திலிருந்து பலர் போலந்தின் விஸ்துலா ஆற்றுச் சதுப்பு நிலத்துக்குச் சென்று, நீரை வடித்து வயலாக்கினர். 1789இல் உக்ரேனுக்கும், 1870களில் கட்டாய இராணுவ சேவைக்கு அஞ்சி கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தனர்.

நிலம் ஒவ்வொரு முறையும் கைவிட்டுப் போயிற்று. ஒழுங்குகளை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. தீயால் வீடு இழந்தவருக்கு ஊரார் பங்கிட்டுக் கொடுத்தனர். விதவைகள், அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பாதுகாக்கத் தனி அலுவலகம் வைத்திருந்தனர். 1920இல் உக்ரேன் மக்களின் பசி தீர்க்க மெனோனைட் மத்திய குழுவை அமைத்தனர். 1979இல் தென்கிழக்காசிய அகதிகளை ஏற்பதற்காகக் கனடா அரசோடு முதன்முதலில் உடன்படிக்கை செய்த அமைப்பும் இவர்களுடையதே. துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் துரத்தப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

காணி திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்கான முயற்சியை நாம் விடக்கூடாது. ஆனால் அதுவரை சபையாக வாழாமல் காத்திருக்க வேண்டியதில்லை. முகாமிலோ மீள்குடியேற்றக் கிராமத்திலோ மூன்று காரியங்களைத் தொடங்கலாம். சிறுபான்மையாக உள்ளவர்களின் மொழியில் ஒரு செபமாவது, ஒரு வாசகமாவது இருக்கட்டும். ஆலயக் குழுவிலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கடைசியாக வந்த குடும்பங்களுக்கு இடம் கொடுப்போம். விதவைகளுக்கும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் மாதாந்தம் சிறு தொகை சேர்த்து, கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் கடைசியாக வந்து குடியேறிய குடும்பம் எது? அவர்களுடைய வீட்டுக்கு நாம் போயிருக்கிறோமா?

2. எமது கூட்டங்களில் யாருடைய மொழி கேட்கப்படுவதில்லை?

3. நாம் இடம்பெயர்ந்து வந்தபோது எமக்குக் கதவைத் திறந்தவர் யார்? இன்று நாம் யாருக்குத் திறக்க வேண்டும்?