ஒப்பனைக் கலையும் சங்கத்தின் கதவும்

தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் குடும்பங்களில் பிறந்த பெண்கள் இன்று பலவகைத் தொழில்களைக் கற்க முன்வருகின்றனர். அவற்றுள் ஒப்பனைக் கலையும் ஒன்று. முகூர்த்த மாதங்களில் மணப்பெண்ணை அலங்கரிக்க ஆள் தேடாத வீடு கோவை வட்டாரத்தில் அரிது. ஆயினும் போத்தனூர்ப் பகுதியில் நாம் சந்தித்த அங்கத்தினர் சிலர், "முகத்துக்கு மாவு பூசுவதற்கும் ஒரு படிப்பா? கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தினால் அது மீளுமா?" என்று வினவினர். இது நியாயமான கேள்வியே. பயிற்சி எத்தகையது என்பதை முதலில் அறிந்து, கற்றவருக்கு அப்பால் என்ன நேரக்கூடும் என்பதையும் ஆராய்வோம்.

முதல் மாதப் பாடம்

போத்தனூரில் ஒரு நெசவாளரின் மகள் இப்பயிற்சியில் அண்மையில் சேர்ந்திருக்கிறார். முதல் வாரம் முழுவதும் ஒருவர் முகத்தையும் தொட விடவில்லை என்பது அவருக்கு ஏமாற்றமாக இருந்ததாம். கையைச் சோப்பிட்டுக் கழுவுதல், தூரிகைகளைக் கழுவி உலர்த்துதல், டப்பாவிலிருந்து பூச்சை விரலால் தோண்டாமல் சிறு கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்தல், ஒருவர் கண்ணிமைக்குப் பயன்படுத்திய தூரிகையை அடுத்தவர் கண்ணருகே கொண்டு செல்லாதிருத்தல் ஆகியவையே பாடங்கள். கண்நோயும் தோல்நோயும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதற்கு அசுத்தமான கருவிகள் காரணமாகலாம் என்பதால், சுத்தமே இத்தொழிலின் அரிச்சுவடி.

அடுத்த பாடம் சோதனைப் பூச்சு. புதிய பூச்சு எதையும் முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ சிறிதளவு தடவி, ஒரு நாளாவது காத்திருந்து, அரிப்போ தடிப்போ உண்டாகிறதா என்று பார்க்கவேண்டும். புதிய மருந்தைத் தோட்டம் முழுதும் தெளிக்குமுன் ஒரு பாத்தியில் தெளித்துப் பார்க்கும் விவசாயிக்கு இதன் நியாயம் விளங்கும். கல்யாணத்தன்று காலையில் முகம் வீங்கினால் அதற்கு மாற்று இல்லை.

இந்த எச்சரிக்கைக்கு நம் நாட்டிலேயே பழைய காரணமுண்டு. கூத்து மேடையில் ஒப்பனை செய்வதை இன்றும் "அரிதாரம் பூசுதல்" என்கிறோம். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம், நச்சுத்தன்மை உடையது. முகப்பூச்சுகளில் நிறத்துக்காக ஈயத்தையோ ஆர்சனிக்கையோ சேர்க்கலாகாது என்று இன்று சட்டம் தடுக்கிறது. தயாரிப்பாளரின் பெயர், உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை இல்லாத டப்பாவை மலிவென்று வாங்கலாகாது என்பதை மாணவி முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிறார்.

வண்ணமும் வெளிச்சமும்

பின்னரே வண்ணப் பாடம் தொடங்குகிறது. சிவப்புத் தழும்பைப் பச்சை சாயல் அடக்கும்; கண்ணுக்குக் கீழே படியும் நீலங்கலந்த கருமையை ஆரஞ்சுச் சாயல் மறைக்கும். மாநிறத் தோலுக்கு அதைவிட மிக வெளுத்த பூச்சை இட்டால் முகம் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும். ஆகவே நிறத்தை மாற்றுவது அன்று, உள்ள நிறத்தைத் துலக்குவதே நல்ல ஒப்பனை. "பெண்ணைச் சிவப்பாக்கித் தாருங்கள்" என்று கேட்கும் வீட்டாரிடம் இதை எடுத்துச் சொல்லும் துணிவும் பயிற்சியின் பகுதியே.

குழல்விளக்கின் கீழ் பொருத்தமாகத் தோன்றிய பூச்சு, வாசலுக்கு வந்ததும் வேறாகத் தெரிந்ததைக் கண்டு இம்மாணவி திகைத்தாராம். அவருடைய தந்தைக்கு இதில் வியப்பில்லை. சாயமிட்ட நூலை விளக்கொளியில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பது நெசவாளர் வழக்கமல்லவா? தறிவீட்டில் வளர்ந்த கண் இத்தொழிலுக்கு ஒரு முதலீடு என்றே சொல்லலாம்.

கற்றவருக்கு மூடப்பட்ட கதவு

ஆனால் திறமை மட்டும் ஒருவரைத் தொழிலில் அமர்த்திவிடுவதில்லை. கோவைக்குப் படத்தொழில் புதிதன்று. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கு இயங்கின. 1954இல் வெளிவந்த "மலைக்கள்ளன்" பட்சிராஜாவின் படைப்பு. அக்காலத்தில் இத்தொழிலாளிக்கு "மேக்கப் மேன்" என்றே பெயர். பெயரிலேயே ஆண் இருந்தான்.

பம்பாயில் இது பெயரோடு நிற்கவில்லை, விதியாகவே இருந்தது. சாரு குரானா என்பவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒப்பனைக் கலை பயின்று திரும்பினார். அங்குள்ள திரைப்பட ஒப்பனையாளர், சிகையலங்காரத்தார் சங்கத்தில் ஒப்பனைக் கலைஞராகச் சேர விண்ணப்பித்தார். பெண்ணுக்குச் சிகையலங்கார அட்டை தரலாம், ஒப்பனை அட்டை ஆண்களுக்கே என்று சங்கம் மறுத்தது. பெண்கள் வந்தால் ஆண்களின் பிழைப்புக் கெடும் என்பது அது கூறிய காரணம். மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. உறுப்பினர் அட்டை இல்லாதவர் படப்பிடிப்பில் வேலை செய்வது கடினம்.

அவரும் வேறு சில பெண்களும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2014 நவம்பர் 10ஆம் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, உதய் உமேஷ் லலித் ஆகியோர் தீர்ப்பளித்தனர். பெண் என்பதற்காக ஒருவருக்குத் தொழிலை மறுப்பதும், வசிப்பிடத்தைக் காட்டி விலக்குவதும் அரசியலமைப்புக்கு முரண் என்று கூறி, அவ்விதிகளை ரத்துச் செய்தனர். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கம், அச்சட்டத்துக்கு மாறாக விதி வகுத்துக்கொள்ள இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

நமக்குரிய படிப்பினை

அது தொழிற்சங்கம், நம்முடையது கூட்டுறவுச் சங்கம் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் தொடங்கிய சங்கம், வெகு சீக்கிரத்திலேயே பெண்களையும் அங்கத்தினராக ஏற்றது. 1995இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி வகுத்த ஏழு கோட்பாடுகளில் முதலாவதே, பால் வேறுபாடின்றித் திறந்த உறுப்பினர் உரிமை.

நம் துணைவிதிகளில் பெண்களை விலக்கும் வாசகம் இல்லை. ஆனால் பழக்கத்தில் என்ன நடக்கிறது? நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20) கைத்தறித் தொழிலாளரில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் பல வீடுகளில் அவர்கள் கையில். தறியில் அமர்வோரும் பலர். அப்படியிருந்தும் அங்கத்தினர் பதிவேட்டில் வீட்டு ஆணின் பெயர் மட்டும் நிற்கும் சங்கங்களை நாம் தணிக்கையில் கண்டிருக்கிறோம். எழுதாத விதிக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்குப் போவது? அதை ரத்துச் செய்ய வேண்டியது நிர்வாகக் குழுவும் பேரவையுமே.

அங்கத்தினர் கேட்ட கேள்விக்கு நம் விடை இதுவே. படிக்கத் தக்க தொழில்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டலாகாது. அரசுத் தொழிற்பயிற்சித் திட்டத்திலும் அழகுக்கலை ஓராண்டுப் பாடமாக உள்ளது. அதை முதலில் விசாரியுங்கள். தனியார் நிலையமாயின், கட்டணத்தில் பொருள்களின் விலை அடக்கமா, எத்தனை முகங்களில் பயிற்சி தருவார்கள், சான்றிதழ் யாருடையது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பயிற்சி முடித்த பெண்கள் சிலர் சேர்ந்து பூச்சுப் பொருள்களை மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். கூட்டுறவின் பயன் அங்கேயே தொடங்கிவிடும். அத்தகைய பெண்ணொருத்தி கடனுக்கோ உறுப்பினர் உரிமைக்கோ விண்ணப்பத்துடன் வரும் நாளில், அவள் யார் மகள், யார் மனைவி என்று கேட்குமுன் அவள் கற்ற தொழில் என்ன என்று கேட்பதே சங்கத்துக்கு அழகு.