சாட்சி சொல்லாத குருகு

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு ஐந்தே வரி. பாடியவர் கபிலர். தனியிடத்தில் ஒருத்தியோடு கூடியவன் இன்னும் மணம் பேச வரவில்லை. அவள் தோழியிடம் சொல்வது இவ்வளவுதான்: அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஒரு குருகு நின்றது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைக் காத்திருப்பின் ஏக்கம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இங்கே கண்ணீர் இல்லை, பசலை இல்லை, வளை கழலவில்லை. இருப்பது ஒரு வழக்கு. கசப்பு முழுவதும் சாட்சி இல்லாமையிலிருந்தே ஊறுகிறது.

சாட்சி பற்றிய கவலை சங்க காலத்தில் வெறும் மனக்கலக்கம் அல்ல. அகநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒருவன் வருகிறான். கள்ளூர்ப் பெண் ஒருத்தியின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச்சத்தியம் செய்கிறான். சாட்சிகளைக் கேட்டு உண்மை அறிந்த ஊரவை அவனை மரக்கிளையில் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டுகிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்று தொல்காப்பியமும் சொல்கிறது. கள்ளூர்ப் பெண்ணுக்குச் சாட்சி இருந்தது, வழக்கு நின்றது. கபிலரின் பெண்ணுக்கோ குற்றவாளியே ஒரே சாட்சி. அதைவிடக் கொடியது, யாரும் இல்லை என்பவள் தன்னைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது. குருகின் காலும் நிறமும், அது எந்த மீனுக்காக நின்றது என்பதும்கூட மறக்காதவள் அவள். அவளைவிட நல்ல சாட்சி ஏது? ஆனால் தன் சொல் அவையில் எடுபடாது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

மணம் தள்ளிப்போவதைத்தானே பாட்டின் சூழலைச் சொல்லும் துறைக்குறிப்பு சொல்கிறது, இவ்வளவு கசப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் துறைக்குறிப்பு பாட்டோடு பிறந்ததல்ல, பின்னால் சேர்ந்தது. பாட்டுக்குள் திருமணத்தைப் பற்றிய நம்பிக்கை ஒரு சொல் அளவுக்கும் இல்லை. அவன் வருவானா என்றுகூட அவள் கேட்கவில்லை. பொய்த்தால் என்ன செய்வது என்றுதான் கேட்கிறாள். நம்பிக்கை போன இடத்தில் காதலில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. குருகு சாட்சி அல்ல, அது தலைவனைக் குறிக்கும் மறைமுக உவமை, அதாவது உள்ளுறை, ஆரல்தான் அவள் என்று வாசிப்பவர்களும் உண்டு. அப்படியே கொள்வோம். கசப்பு குறையாது, கூடவே செய்யும்: அங்கே கண்ணுள்ள இருவர் நின்றார்கள், இருவர் கண்ணும் இரையின் மேல். குறுந்தொகை கையில் கிடைத்தால், துறைக்குறிப்பை மறைத்துக்கொண்டு இந்தப் பாட்டை ஒருமுறை படியுங்கள். அடுத்து அகநானூறு 256ஐயும் எடுங்கள்.