வேரைத் தேடி வருவோர்க்கு ஒரு வழித்துணை

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பெங்களூர் நகரத்தினுள் செல்லும் ஓசூர் சாலையை நம் சங்கத்து அன்பர்கள் அனைவரும் நன்கறிவர். கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில் எழுந்த இத்தொழில் நகரத்திற்குப் பிழைப்பை நாடி வந்தவர்கள் நாம். அந்தச் சாலையிலேயே, நகரத்தின் பக்கத்தில், மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கின்றது. நம்மைப்போலவே தொழிலை நாடி ஊர்விட்டு ஊர் வந்து, வந்த மண்ணிலேயே கண்மூடிய ஜெர்மானியர் ஒருவர் அங்கே துயில்கின்றார். குஸ்தாவ் ஹெர்மான் கிரும்பிகல் என்பது அவர் பெயர்.

இவர் 1865-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் சாக்சனி நாட்டில், டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள லோமன் என்னும் ஊரில் பிறந்தார். தோட்டக்கலை பயின்று, 1888-இல் இங்கிலாந்து சென்று, புகழ்பெற்ற கியூ தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றினார். 1893-இல் பரோடா சமஸ்தானத்திற்கும், 1908-இல் மைசூர் சமஸ்தானத்திற்கும் வந்து சேர்ந்தார். லால்பாக் தோட்டம் 1932 வரை அவர் பொறுப்பில் தழைத்தது. ஒருவகை மரம் பூத்து ஓயும்போது மற்றொருவகை மரம் பூக்கத் தொடங்குமாறு பெங்களூர்ச் சாலைகளில் மரங்களைத் தேர்ந்து நட்ட பெருமை அவருக்கே உரியது. போர்க்காலத்தில், பிறப்பால் ஜெர்மானியர் என்பதனால் காவலில் வைக்கப்படும் துன்பமும் அவரை அடைந்தது. எனினும் அவர் இந்நகரை மறந்தாரில்லை. 1956-இல், தமது 90-ஆம் வயதில், பெங்களூரிலேயே மறைந்தார்.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பின்னர், இங்கிலாந்தில் வாழும் அவர் மரபினர் தம் முன்னோரின் வரலாற்றைத் தேடிப் பெங்களூருக்கு வந்தனர். அவர் கல்லறையையும் கண்டனர். மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பத்தின் கொடிவழியைக் கண்டறிவது எங்ஙனம் இயலும்?

இத்தகைய தேட்டம் பின்னிருந்து முன்னோக்கிச் செல்வது. கல்லறைக் கல்லில் மறைந்த ஆண்டு கிடைக்கும். பணிபுரிந்த அலுவலகத்தின் ஏடுகளில் வந்த ஆண்டும் முன்னர் இருந்த இடமும் கிடைக்கும். இந்தியாவில் கிறிஸ்தவக் கோயில்களில் நிகழ்ந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் ஆங்கிலேயர் ஆட்சியில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன; அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அடுத்த படி ஜெர்மனி. அந்நாடு முழுமைக்கும் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1876-இல்தான் தொடங்கிற்று. அதற்கு முன் பிறந்தோரின் விவரத்தை அறிய ஊர்க்கோயில் ஏடுகளையே நாடுதல் வேண்டும். குழந்தையின் பெயரோடு தந்தையின் பெயர், தொழில், ஞானப் பெற்றோரின் பெயர் ஆகியவற்றையும் அவ்வேடுகளில் காணலாம். அவற்றின் பழைய கையெழுத்து, நம் ஓலைச்சுவடி எழுத்தைப்போல், பழகினாலன்றி விளங்காது.

தமிழகத்திற்கும் இச்செய்தியில் பங்குண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் சாக்சனி நாட்டினரே. அவரும் அவருக்குப் பின் வந்தோரும் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பேணப்பட்டு வருகின்றன. எழுதி வைத்தவன் வரலாறு முந்நூறு ஆண்டு கழிந்தும் நிற்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். கிரும்பிகல் என்பது குடும்பப் பெயர். தந்தை, மகன், பேரன் என அது மாறாமல் தொடர்வதால், அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே தலைமுறைகளைக் கடந்து செல்லலாம். நமக்கோ குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரில் முதலெழுத்து மட்டுமே மகனுக்குத் தலையெழுத்தாகின்றது. அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்தும் மாறிவிடும். பாட்டனார் பெயர் பேரனின் சான்றிதழ் எதிலும் காணப்படாது. மணமான பெண்டிரின் தலையெழுத்தோ பல குடும்பங்களில் கணவர் பெயருக்கு மாறிவிடுகின்றது. பிறந்த வீட்டின் சுவடே ஏட்டில் மறைகின்றது. ஊரில் வாழ்ந்தவரை இது குறையாகத் தோன்றவில்லை. கேட்டால் சொல்லப் பெரியோர் இருந்தனர். அயல்மண்ணில் வளரும் நம் பிள்ளைகள் யாரைக் கேட்பர்?

ஆகவே, செய்யத் தக்கவை சில உள. முதலாவது, வீட்டிலுள்ள முதியோரை அமர்த்திக் கேட்டு, ஆண்வழி, பெண்வழி இரண்டிலும் தெரிந்த பெயர்களை முழுமையாக எழுதி வைத்தல். ஒவ்வொரு பெயருக்கும் ஊர், வட்டம், தொழில், குலதெய்வக் கோயில் ஆகியவற்றையும் சேர்த்தெழுதுக. இரண்டாவது, பழைய கிரயப் பத்திரங்களைப் பேணுதல். இன்ன ஊர் இன்னார் குமாரர் இன்னார் என்று அவை விரிவாகக் கூறும். இழந்தவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் படி பெற முயலலாம். மூன்றாவது, பழைய நிழற்படங்களின் பின்புறத்தில், இருப்போர் பெயரையும் எடுத்த ஆண்டையும் குறித்தல். பெயரறியாத முகம் இரண்டு தலைமுறையில் அந்நியர் முகமாகிவிடும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் சில மாலைப் பொழுதுகளும் போதும். ஆனால் முதியோர் என்றும் நம்முடன் இருப்பாரல்லர். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பலகாரப் பொட்டலத்தோடு அக்குறிப்பேட்டையும் மறவாது எடுத்துச் செல்வார்களாக.