ராமநகரத்து மணிமாலை

குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே கொண்டுவந்த முதல் நாடு இந்தியா; ஆண்டு 1952. ஆனால் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் சீடர். கருத்தடைச் சாதனங்கள் அவருக்கு ஆகாது. நாள் பார்த்து விலகியிருக்கும் இயற்கை முறைக்கு மட்டும் சம்மதித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்த அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோனின் யோசனைப்படி டெல்லி லோதி காலனியிலும் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் (பின்னாளில் 'ஷோலே' படம் எடுத்த ஊர்தான்) சோதனை தொடங்கியது.

பெண்களுக்கு மணிமாலை கொடுத்தார்கள். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். கரு தங்கக்கூடிய நாளுக்கு ஒரு நிறம், மற்ற நாளுக்கு வேறு நிறம். இருட்டில் நிறம் எப்படித் தெரியும்? அதற்காக மணிகளின் வடிவத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். மாலையைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான். வேறு என்ன வழி இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கால் நூற்றாண்டுக்குள் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை. ஒன்று காந்தியத்தின் பெயரால், இன்னொன்று இத்தனை பேர் என்ற இலக்கின் பெயரால். இரண்டிலும் முடிவெடுத்தது வேறு யாரோ.

1996இல் இலக்கை எடுத்துவிட்டதாக அரசு அறிவித்தது. பழக்கம் போகவில்லை. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அதையொட்டிப் பதின்மூன்று பெண்கள் இறந்தார்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்விளைவுகளைச் சம்பந்தப்பட்டவரின் மொழியிலேயே விளக்க வேண்டும், மனம் மாறினால் மாற்றிக்கொள்ள ஒரு மணி நேரம் போல அவகாசம் தர வேண்டும் என்றது. பிரசவ வார்டில், "ரெண்டு ஆயிடுச்சில்ல, கையோட பண்ணிட்டுப் போயிடும்மா" என்ற பேச்சைக் கேட்டவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அதே ஆய்வு, நாடு முழுக்கப் பத்தில் ஒரு தம்பதி நாள் பார்ப்பது போன்ற பழைய முறைகளையே நம்பியிருப்பதாகவும் சொல்கிறது. அவர்களிடம் யாரும் சரியாகப் பேசுவதில்லை என்பதே என் குறை. ஆணுறை, காப்பர் டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் ஸ்டாக் பதிவேட்டில் ஏறும். நாள் கணக்கை எதில் ஏற்றுவது? விளைவு, மாதவிலக்கை ஒட்டிய நாட்களில்தான் கரு தங்கும் என்று நம்பி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நடுநாட்களைப் பத்திரமானவை என்று விட்டுவிடும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்த நாள் கணக்குக்காக ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் உருவாக்கிய புதிய மணிமாலை ஜார்க்கண்டில் 'மாலா சக்ரா' என்ற பெயரில் போனது. மொத்தம் 32 மணிகள். சிவப்பு மணி மாதவிலக்கு தொடங்கும் நாள். எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை வெள்ளை, அப்போது விலகியிருக்க வேண்டும் அல்லது ஆணுறை. பிசகாமல் கடைப்பிடித்தாலும் ஆண்டுக்கு நூற்றில் ஐந்து பேர் கருவுறுவார்கள். நடைமுறையில் பன்னிரண்டு பேர். சுழற்சி 26 முதல் 32 நாட்களுக்குள் வராதவர்களுக்கு இது சரிப்படாது. தாய்ப்பால் கொடுக்கும் வரை கரு நிற்காது என்பதும் பாதி உண்மைதான்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும், விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்கு போச்சு.

இந்த எண்களை மறைத்து இயற்கை முறையைப் புகழ்வதும், இப்படியொரு முறை இருப்பதையே சொல்லாமல் கத்தியை நீட்டுவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பெண் அறுவை சிகிச்சையையே தேர்ந்தெடுக்கலாம். அது அவள் இஷ்டம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளை மணி நாளில் கணவன் கேட்டால்தானே? கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருவது பகலில். அப்போது இருப்பது மனைவியும் மாமியாரும். கணவனும் கூட உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் அந்தப் பேச்சை வைக்க நம் சுகாதாரத் துறையில் இன்னும் ஆள் போடவில்லை.