கட்டுமரம் கற்றுத்தரும் ஆங்கிலம்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் எனக் கடலோரம் வாழும் நம் இல்லங்களில், ஆங்கிலப் பாடநூலைக் கண்டு அஞ்சும் சிறார் உண்டு. அவ்வச்சம் முற்றினால் பள்ளியையே வெறுப்பர். அன்பார்ந்த பெற்றோரே, அதைப் போக்க நம் கட்டுமரமே துணைபுரியும்.

கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அச்சொல்லைக் காணலாம். அதில் 9 எழுத்துக்கள்: 'ஏ' 4 முறை, சி, டி, எம், ஆர், என் ஒவ்வொரு முறை. இவற்றைக் கொண்டே வேறு சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உள்ள அளவுக்கு மேல் எவ்வெழுத்தையும் ஆளலாகாது. 'மாமா' என்றெழுத 'எம்' இரண்டு வேண்டும். ஆதலின் அது செல்லாது.

தேடும் வழி எளிது. 'ஏ, டி' என்னும் இரண்டையும் நிறுத்தி, முன்னே சி, எம், ஆர் என மாற்றி வைத்தால் பூனை, பாய், எலி ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாய்க் கிடைக்கும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. கடல், மடல், திடல் என இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை எதுகை என்கிறோம். எதுகைச் சொற்களைத் தேடுவோர்க்கென்றே வீரமாமுனிவர் 1732-இல் தம் சதுரகராதியில் தொடையகராதி என ஒரு பகுதியை அமைத்தார். இத்தாலியில் பிறந்த அக்குருவானவர் நம் மொழிக்கு அஞ்சவில்லை. நம் மக்கள் பிறமொழிக்கு ஏன் அஞ்சவேண்டும்?

இரவுச் செபமாலை முடிந்தபின் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஆங்கிலம் அறியாத தந்தையும் உடன் அமரட்டும். அச்சொல்லை உலகிற்கு ஈந்தது தன் தந்தையின் தொழிலே என்பதைப் பிள்ளை உணரட்டும்.