ஏர் டேங்கில் வருவது தண்ணீரா, ஆயிலா? தொப்பூர் இறக்கத்துக்கு முன் லாரிக்காரர்கள் பார்க்க வேண்டியவை





ஓட்டுநராக, கிளீனராக, சொந்த வண்டிக்காரராக லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மில் பல உள்ளன. சேலம் பக்கம் லோடு ஏற்றிப் போகிறவர்கள் தொப்பூர் கட்டமேட்டில் இறங்கித்தான் போக வேண்டும். 2020 டிசம்பர் 12 அன்று அங்கே லாரி மோதிப் பல கார்கள் நொறுங்கின. நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று நடந்த விபத்திலும் நான்கு உயிர்கள் போயின. அந்த விபத்துகளின் காரணத்தைப் பற்றி நாம் இங்கே பேச வரவில்லை. நம் கையில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். அது பிரேக்குக்குப் போகும் காற்று.

சென்ற மழைக்காலத்தில் நம் சகோதரர் ஒருவரின் வண்டியில் பிரேக் தாமதமாகப் பிடித்தது, தாமதமாகவே விட்டது. டேங்கைத் திறந்தால் அழுக்குத் தண்ணீர் வந்தது. ஒரு பட்டறையில் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜை மாற்றினார்கள். சில வாரங்களில் அதே கோளாறு. இன்னொரு கார்ட்ரிட்ஜ் மாற்றினார்கள், அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் ஒரு பழைய மெக்கானிக், கம்ப்ரசரிலிருந்து டிரையருக்கு வரும் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஆயிலும் கரியும் அப்பியிருந்தன. கோளாறு கம்ப்ரசரில் இருந்தது. பணம் செலவானது டிரையருக்கு. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி டேங்கில் அடைக்கிறது. கேஜில் 7, 8 என்று காட்டுவது இந்த அழுத்தத்தைத்தான். வெளிக்காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அழுத்தும்போது காற்று கடுமையாகச் சூடாகிறது. டேங்குக்கு வந்து ஆறும்போது அந்த ஈரம் தண்ணீராகிறது. இட்லிப் பானையின் மூடியில் நீர் கோப்பது போலத்தான் இதுவும். எனவே டேங்கில் தண்ணீர் சேர்வது இயற்கை. அதை வடிகட்டத்தான் டிரையர் இருக்கிறது. மருந்து டப்பாவில் ஈரம் இழுக்கப் போடும் சிறு பொட்டலத்தில் இருப்பது போன்ற மணிகள் அதன் கார்ட்ரிட்ஜுக்குள் உள்ளன. டேங்க் நிரம்பியதும் 'புஸ்' என்று சத்தம் கேட்கிறதே, பிடித்த ஈரத்தை டிரையர் வெளியே தள்ளும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் கவனிக்க வேண்டும்.

ஆயில் எங்கிருந்து வருகிறது?

கம்ப்ரசருக்குள் ஓடுவது எஞ்சின் ஆயில். லேசான பிசுக்கு எந்தக் கம்ப்ரசரிலும் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். பிஸ்டன் ரிங் தேய்ந்தால், ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், ஆயில் திரும்பும் குழாய் அடைபட்டால், அல்லது கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடானால் ஆயில் அதிகமாக மேலேறும். எங்காவது காற்றுக் கசிவு இருந்தால் கம்ப்ரசருக்கு ஓய்வே கிடைக்காது. அதனாலும் சூடேறி ஆயில் தள்ளும். இந்த ஆயில் டிரையரின் மணிகள் மேல் படிந்துவிட்டால் அவை ஈரத்தை இழுக்காது. பிறகு தண்ணீரும் சேர்ந்து டேங்குக்குப் போகும். நம் சகோதரரின் வண்டியில் நடந்தது இதுதான்.

இதனால் பிரேக்குக்கு என்ன கெடுதல்?

டேங்கில் தண்ணீர் நிற்கும் அளவுக்குக் காற்றுக்கு இடம் குறையும். வால்வுகளில் துருவும் அழுக்கும் சேர்ந்து ஒட்டும். ஆயில் பட்ட ரப்பர் உப்பும். பிரேக் சேம்பரின் டயாபிரமும் வால்வு ரப்பர்களும் கெடும். பிரேக் சரியாக விடாவிட்டால் லைனிங் உரசிக்கொண்டே இருக்கும். இறக்கத்துக்கு வருமுன்பே டிரம் சூடாகிவிடும். காஷ்மீர் வரை லோடு போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே குளிர்காலத்தில் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்து காற்றின் வழியையே அடைத்துவிடும்.

வெள்ளைக் காகிதச் சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயருக்குக் கட்டை கொடுங்கள். டேங்கில் காற்று இருக்கும்போதே, முகத்தை விலக்கிக்கொண்டு, டிரைன் வால்வை மெல்லத் திறந்து எதிரே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். எல்லா டேங்குகளையும் இப்படிப் பாருங்கள்.

1. காகிதம் காய்ந்தே இருக்கிறது, அல்லது லேசான பிசுக்கு: கவலை இல்லை.

2. தெளிந்த தண்ணீர்: கார்ட்ரிட்ஜின் ஆயுள் முடிந்திருக்கலாம், டிரையர் தண்ணீரைத் தள்ளாமல் இருக்கலாம், அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். முதலில் கசிவைப் பாருங்கள். காற்று நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் கேஜைப் பார்க்கட்டும். முள் கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே போனால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை கிளம்பும் இடமே கசிவு.

3. மோர் போலவோ பழுப்புக் கூழாகவோ வருவது: தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கிறது. கம்ப்ரசரையும் டிரையரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

4. கறுப்பு ஆயில்: முதலில் கம்ப்ரசரைப் பாருங்கள். ஏர் ஃபில்டர், ஆயில் திரும்பும் குழாய், டிரையருக்குப் போகும் குழாயில் கரி, பிறகு பிஸ்டன் ரிங் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்து, டேங்கைச் சுத்தம் செய்து, ரப்பர்களையும் சோதித்த பிறகே புது கார்ட்ரிட்ஜ் போடுங்கள். இந்த வரிசை மாறினால் புதிதும் வீணாகும்.

டிரையர் இல்லாத பழைய வண்டிகளில் தண்ணீர் தினமும் வரும்; தினமும் வடிக்க வேண்டும். டிரையர் உள்ள வண்டியிலும் வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

செய்யக் கூடாதவை

குழாயைக் கழுவுகிறோம் என்று பிரேக் லைனில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். டிரையரை நீக்கிவிட்டு நேராகக் குழாய் கொடுத்து ஓட்டாதீர்கள். ஆயில் படிந்த கார்ட்ரிட்ஜைக் கழுவி மீண்டும் போடாதீர்கள்.

இறக்கத்தில்

பாளையம் சுங்கச்சாவடிக்கு முன்பே கேஜைப் பாருங்கள். காற்று குறைவாக இருந்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ இறங்க வேண்டாம், ஓரங்கட்டுங்கள். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கவோ எஞ்சினை அணைக்கவோ கூடாது. எஞ்சின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும். ஒவ்வொரு மிதிக்கும் காற்று குறையும், திரும்ப ஏறாது. சின்ன கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கோடு மெதுவாக இறங்குங்கள். டேங்க் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வேகமாக இறங்கிச் சூடேறிய டிரம் வண்டியைப் பிடிக்காது.

வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பிரேக் லேட்டாகப் பிடிக்கிறது" என்று ஓட்டுநர் சொன்னால், "அடுத்த டிரிப் முடியட்டும்" என்று சொல்லாதீர்கள். அவருடைய குடும்பமும் எதிரே வருகிறவரின் குடும்பமும் அந்த ஒரு டிரிப்பில்தான் இருக்கின்றன. சொந்த வண்டி ஓட்டும் சகோதரர்கள் கையில் பணம் இல்லை என்பதற்காகப் பிரேக் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்; வட்டியில்லாக் கடன் குறித்து நமது அலுவலகத்தில் வந்து பேசலாம்.

தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து வண்டி கிளம்பும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு, "டேங்கைத் திறந்து பாத்தீங்களா?" என்றும் ஒருமுறை கேளுங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு ஐந்து நிமிடம் போதும். ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு ஆகும் செலவும் பெரிதல்ல.

வஸ்ஸலாம்.

செயலாளர்