கொல்லிமலைக்கு வண்டியை விரட்டுறீங்களா? ஆயிலை பார்த்துட்டு ஏறுங்க!

நாமக்கல்:
கொல்லிமலைக்கு கிளம்புபவர்கள் டயரில் காற்று பார்க்கிறார்கள், பிரேக் பார்க்கிறார்கள். என்ஜின் ஆயில் எவ்வளவு இருக்கு என்று பார்ப்பவர்கள் குறைவுதான்.

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஆடி மாத வல்வில் ஓரி விழா சமயத்திலும் பைக்கும் காரும் வரிசை கட்டி ஏறும். இளவட்டங்கள் முறுக்கும் முறுக்கில் என்ஜின் அலறும். அந்த நேரத்தில் ஆயில் குறைவாக இருந்தால் என்ஜினுக்கு ஆபத்துதான்.

வளைவில் நடப்பது என்ன?

என்ஜினுக்கு அடியில் உள்ள சேம்பரில்தான் ஆயில் நிற்கும். பம்ப் அதை உறிஞ்சி கிராங்க், பேரிங் என்று எல்லா இடத்துக்கும் அனுப்புகிறது. கார் வேகமாக திரும்பும்போது ஆயில் முழுக்க ஒரு பக்கமாக ஒதுங்கும். ஆயில் கம்மியாக இருந்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். சில வினாடி ஆயில் போகாவிட்டாலே பேரிங் தேய ஆரம்பித்துவிடும்.

பைக் வளைவில் சாய்ந்தே திரும்புவதால் ஆயில் அவ்வளவாக ஒதுங்காது. ஆனால் 100 சிசி பைக்கில் இருப்பதே சுமார் 1 லிட்டர்தான். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் மீதி ஆயில் சீக்கிரம் சூடேறி நீர்த்துவிடும். ஓடும்போது என்ஜின் சீஸ் ஆனால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து.

ஒழுகலே இல்லையே?

கீழே ஒரு சொட்டு கூட ஒழுகாமலும் ஆயில் குறையும். முறுக்கி ஓட்டினால் ரிங் வழியாக கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகும். பழைய என்ஜினில் இது இன்னும் அதிகம். சைலென்சரில் நீல நிற புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

நிறைய ஊற்றினாலும் வம்பு

மலை ஏறப்போகிறோமே என்று மேல் கோட்டை தாண்டி ஊற்றுவதும் தப்பு. சுற்றும் கிராங்க் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். நுரையை பம்ப் ஒழுங்காக தள்ளாது. ஆயில் சீலும் கசிய ஆரம்பிக்கும்.

சரியாக பார்ப்பது எப்படி?

* சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். பைக் என்றால் மெயின் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு தப்பாக காட்டும்.

* என்ஜினை 3 நிமிடம் ஓட விட்டு, அணைத்து, மேலும் 3 நிமிடம் கழித்து பாருங்கள்.

* டிப் ஸ்டிக்கை துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து பாருங்கள். மரை உள்ள டிப் ஸ்டிக்கை பல பைக்குகளில் திருகாமல் வைத்துதான் பார்க்க வேண்டும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இது இருக்கும்.

* இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் ஊருக்குள் ஓட்ட போதும். மலை ஏற, வேகமாக போக, மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். தாண்டக்கூடாது.

* குறைந்தால் அதே கிரேடு ஆயிலை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் அளவு பாருங்கள்.

சிவப்பு விளக்கை நம்பாதீங்க

காரில் உள்ள ஆயில் விளக்கு பெரும்பாலும் அளவை காட்டாது, பிரஷரைத்தான் காட்டும். அது எரியும்போது நிலைமை கை மீறிக்கொண்டிருக்கிறது. வளைவில் கண் சிமிட்டினாலும் ஓரம் கட்டி உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். ‘மேலே போய் பார்த்துக்கலாம்’ என்றால் 200, 300 ரூபாய் ஆயிலோடு போக வேண்டியது, என்ஜினை பிரித்து போடும் வேலையாகிவிடும்.

ஆயில் சரியாக இருக்கிறது என்பதற்காக வளைவில் பந்தயம் விடலாம் என்று அர்த்தமில்லை. ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு, நிதானமாக இறங்குங்கள்.